தரை துடைத்தவர் நீதிபதி ஆனார்!

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. கார் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன ஊர் அது. அங்கே, 'டெட்ராய்ட் நியூஸ்' என்ற செய்தித்தாளின் அலுவலகத்தில், 1949ம் ஆண்டு வாக்கில், ஓர் இளைஞர் துப்புரவு வேலை பார்த்து வந்தார். தரையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதுதான் அவருக்கு வேலை.

ஒரு நாள், வேலைக்கு நடுவே கிடைத்த சிறிது நேரத்தில், அவர் ஒரு தடிமனான புத்தகத்தைப் படித்துக் கொண்டிருந்தார். அதைப் பார்த்த வெள்ளைக்கார நிருபர் ஒருவர், அது என்ன புத்தகம் என்று கேட்டார்.

அது சட்ட அகராதி என்றும், வக்கீல் ஆவதற்கான தேர்வுக்குத் தான் படித்துக் கொண்டிருப்பதாகவும் இளைஞர் சொன்னார்.

நிருபரால் அதை நம்ப முடியவில்லை. 'கறுப்பர் ஒருவர் வக்கீல் ஆவதா? நீ பேசாமல் தரையையே துடைத்துக் கொண்டிரு' என்கிற பொருளில் பேசிவிட்டுப் போனார்.

அந்த இளைஞரின் பெயர் டேமன் கீத். அவர் தேர்வில் வென்றார், வக்கீல் ஆனார். பிறகு நீதிபதி ஆனார். அதிலும் உயர்ந்து, அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் மூத்த நீதிபதியாக, 96 வயது வரை பணியாற்றினார். நாட்டின் அதிபருடைய அரசுக்கே, 'நீங்கள் செய்தது தவறு' என்று தீர்ப்பு எழுதியவர் அவர். அவருடைய கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

* ஆறாவது பிள்ளை

டேமன் கீத், 1922ம் ஆண்டு, ஜூலை 4ம் தேதி பிறந்தார். அது அமெரிக்காவின் சுதந்திர தினம். வீட்டில் ஆறு பிள்ளைகள், அவர்தான் கடைக்குட்டி. அப்பா பெர்ரி கீத், ஃபோர்டு கார் தொழிற்சாலையில் கூலித் தொழிலாளி.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமல்ல. தென் மாநிலங்களில் பள்ளி, பஸ், ஓட்டல், குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி. வட மாநிலங்களில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், நல்ல வேலையும் நல்ல தெருவில் வீடும் கிடைப்பது குதிரைக் கொம்புதான்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் டேமன் கீத். 1943ல் மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. உடனே ராணுவத்தில் சேர வேண்டியதாயிற்று. ராணுவத்திலும் கறுப்பின வீரர்களுக்குத் தனிப் படைப்பிரிவுதான்! ஒரே நாட்டுக்காகப் போரிட்டவர்களைக் கூட நிறம் பிரித்து வைத்தார்கள். 1948ல்தான் அமெரிக்க அதிபர் ட்ரூமன், ராணுவத்தில் இந்தப் பாகுபாட்டை ஒழிக்க உத்தரவு போட்டார்.

போர் முடிந்து ஊர் திரும்பிய கீத், சட்டம் படிப்பது என்று முடிவு செய்தார்.

* கல்லில் செதுக்கிய நான்கு சொற்கள்

தலைநகர் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்குப் பெரும் புகலிடமாக இருந்த கல்விக்கூடம் அது. கீத் அங்கேதான் சட்டம் படித்தார். அங்கே அவருக்கு ஓர் அருமையான வழிகாட்டி கிடைத்தார். அவர்தான் புகழ்பெற்ற வக்கீல் தர்குட் மார்ஷல். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற தீர்ப்பை, 1954ல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றவர் இவர்தான்.

வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றக் கட்டடத்தின் முகப்பில், ஆங்கிலத்தில் நான்கே நான்கு சொற்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன: 'ஈக்வல் ஜஸ்டிஸ் அண்டர் லா.' சட்டத்தின் கீழ் அனைவருக்கும் சம நீதி என்று பொருள். மார்ஷல் இந்தச் சொற்களை மாணவர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவார். எழுதி வைத்தது வெள்ளையர்கள். அதை உண்மையாக்கிக் காட்டுவது உங்கள் வேலை என்பது அவர் சொன்னதன் சாரம்.

அந்தச் சொற்களைக் கீத் கடைசி வரை மறக்கவில்லை. எந்த மேடையில் பேசினாலும் அவற்றைச் சொல்வார்.

1949ல் சட்டப் படிப்பு முடிந்தது. பட்டம் கையில் இருந்தாலும், வக்கீல் தொழில் செய்ய இன்னொரு தேர்வு எழுத வேண்டும். அதற்குப் படித்துக் கொண்டிருந்த நாட்களில்தான், வயிற்றுப்பாட்டுக்காகத் தரை துடைக்கும் வேலைக்குப் போனார். நிருபரிடம் அந்தப் பேச்சைக் கேட்டதும் அப்போதுதான்.

* நிரந்தரப் பதவி ஏன்?

வக்கீலாகப் பல ஆண்டுகள் உழைத்த கீத், 1967ல் டெட்ராய்ட் நகரில் மத்திய அரசின் மாவட்ட நீதிபதியாக நியமிக்கப்பட்டார். நியமித்தவர் அதிபர் லிண்டன் ஜான்சன். அதே ஆண்டில் அவருடைய வழிகாட்டி தர்குட் மார்ஷலும், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார்!

இங்கே ஒரு விஷயம் தெரிந்து கொள்ளுங்கள். அமெரிக்காவில் இத்தகைய நீதிபதிகளுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. நாடாளுமன்றம் குற்றம் சாட்டி, விசாரித்து நீக்கினால் ஒழிய, வாழ்நாள் முழுவதும் பதவியில் இருக்கலாம். அதிபருக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதினாலும், அதிபரால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. சம்பளத்தையும் குறைக்க முடியாது.

எதற்காக இந்தப் பாதுகாப்பு? யாருக்கும் பயப்படாமல் தீர்ப்பு எழுதத்தான். டேமன் கீத்துக்கு அது சீக்கிரமே தேவைப்பட்டது.

* வெடித்துச் சிதறிய பஸ்கள்

டெட்ராய்ட்டுக்கு அருகே போன்டியாக் என்று ஒரு சிறு நகரம் உண்டு. அங்கே கறுப்பினக் குழந்தைகள் சில பள்ளிகளிலும், வெள்ளையினக் குழந்தைகள் வேறு பள்ளிகளிலும் படித்தார்கள். 'நாங்கள் யாரையும் பிரிக்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போகிறார்கள்' என்றது பள்ளி நிர்வாகம்.

கீத் ஆவணங்களை அலசிப் பார்த்தார். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எல்லை போட்டதும், புதுப் பள்ளியை எங்கே கட்டுவது என்று முடிவு செய்ததும் நிர்வாகம்தானே! அந்த முடிவுகளால்தான் குழந்தைகள் பிரிந்து கிடந்தார்கள். 1970ல் கீத் தீர்ப்புச் சொன்னார்: 'எல்லாக் குழந்தைகளும் கலந்து படிக்க ஏற்பாடு செய்யுங்கள். தேவைப்பட்டால் பஸ்ஸில் அழைத்துச் செல்லுங்கள்.'

ஊரில் பலருக்குக் கோபம் வந்தது. நீதிபதிக்கு மிரட்டல்கள் வந்தன. 1971 ஆகஸ்ட் மாதம், பள்ளி திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, நிறுத்தி வைத்திருந்த 10 பள்ளி பஸ்களை வெடி வைத்து அழித்து விட்டார்கள். நல்ல வேளையாக, பஸ்களில் யாரும் இல்லை. கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள்தான் இதைச் செய்தவர்கள். பிறகு அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது.

தீர்ப்பு மாறியதா? இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் கீத் சொன்னதே சரி என்றது. பஸ்கள் ஓடின.

* நீதிபதி மீதே வழக்கு!

அடுத்து வந்தது இன்னும் பெரிய சோதனை. 1968ல், ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருந்த சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்தின் அலுவலகத்தில் குண்டு வெடித்தது. மூன்று பேர் மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு கீத் முன் வந்தது.

அப்போது ஓர் உண்மை வெளியானது. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தொலைபேசியில் பேசியதை அரசு ஒட்டுக் கேட்டிருக்கிறது! அதற்கு எந்த நீதிபதியிடமும் அனுமதி வாங்கவில்லை. 'நாட்டின் பாதுகாப்புக்காகச் செய்தோம். அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டு' என்றது அதிபர் நிக்சனின் அரசு.

1971 ஜனவரியில் கீத் அதை ஏற்க மறுத்தார். 'சொந்த நாட்டு மக்களின் பேச்சை, நீதிபதியின் அனுமதி இல்லாமல் ஒட்டுக் கேட்க அதிபருக்கும் அதிகாரம் இல்லை. கேட்டதை எதிர்த்தரப்புக்குக் காட்டுங்கள்' என்று உத்தரவிட்டார்.

குண்டு வைத்ததாகச் சொல்லப்படும் ஆளுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு என்று உங்களுக்குத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். இன்று ஒருவர் பேச்சை அனுமதி இல்லாமல் கேட்கலாம் என்றால், நாளை யார் பேச்சையும் கேட்கலாம். அரசைக் குறை சொல்பவர், எதிர்க்கட்சிக்காரர், செய்தியாளர், உங்கள் அப்பா அம்மா... யாருக்கும் பாதுகாப்பு இருக்காது. கீத் காப்பாற்றியது அந்த ஒருவரை மட்டுமல்ல, அத்தனை பேரையும்தான்.

அரசு சும்மா இருக்கவில்லை. உத்தரவைத் திரும்பப் பெறச் சொல்லி, கீத்தையும் அவரது நீதிமன்றத்தையும் எதிர்த்தே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தோற்றது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1972 ஜூன் 19ம் தேதி, விசாரித்த எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில், கீத் சொன்னதே சரி என்றார்கள்! அந்த எட்டுப் பேரில், நிக்சனே நியமித்த நீதிபதிகளும் இருந்தார்கள். ரகசியங்களை வெளியிட மனமில்லாத அரசு, வழக்கையே கைவிட்டது.

சட்டப் புத்தகங்களில் இன்றும் இது, 'கீத் வழக்கு' என்றே அழைக்கப்படுகிறது. 1978ல், உளவு பார்ப்பதற்கு அனுமதி வழங்கத் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்து அமெரிக்கா சட்டம் இயற்றியதற்கு, இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

* மேல்முறையீடு என்றால்...

1977ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர், கீத்தை ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். அது என்ன மேல்முறையீடு?

பிளஸ் டூ எழுதிய அண்ணனுக்கோ அக்காவுக்கோ மார்க் குறைந்தால் என்ன செய்கிறார்கள்? மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கிறார்கள். அங்கே புதிதாக எந்த விடையும் எழுத முடியாது. எழுதிய விடைத்தாளையே வேறு ஆசிரியர் எடுத்து, திருத்தியது சரிதானா என்று பார்ப்பார். மேல்முறையீடும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி மறுபடி விசாரிப்பதில்லை. கீழ் நீதிமன்றப் பதிவுகளைப் படித்து, இரு தரப்பு வக்கீல்களின் வாதத்தைக் கேட்டு, சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்களா என்று பார்ப்பார்கள்.

பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் சேர்ந்து வழக்கைக் கேட்பார்கள். இரண்டு பேர் ஒரு பக்கம் நின்றால், அதுதான் தீர்ப்பு. ஒத்துக் கொள்ளாத மூன்றாமவர், 'நான் ஏன் மாறுபடுகிறேன்' என்று தனியாக எழுதி வைக்கலாம்.

அமெரிக்காவில் இப்படி 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் உண்டு. இவற்றுக்கு மேலே இருப்பது உச்ச நீதிமன்றம் மட்டுமே. மிச்சிகன், ஒஹையோ, கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலங்களின் வழக்குகள் ஆறாவது வட்டத்துக்கு வரும். அங்கே 1995 வரை முழுநேர நீதிபதியாக இருந்த கீத், பிறகு, 'மூத்த நீதிபதி' ஆனார். மூத்த நீதிபதிகள் வேலைச் சுமையைக் குறைத்துக் கொண்டு, தொடர்ந்து வழக்குகளைக் கேட்கலாம். அப்போது அவருக்கு வயது 72. அதற்குப் பிறகும் 24 ஆண்டுகள் பதவியில் இருந்தார்!

* மூடிய கதவு

2001 செப்டம்பர் 11ல், நியூயார்க், வாஷிங்டன் நகரங்களில் பயங்கரவாதிகள் விமானங்களை மோதித் தாக்கினார்கள். நாடே அதிர்ந்தது. அதன் பிறகு, வெளிநாட்டவரை நாடு கடத்தும் சில விசாரணைகளை, மக்களும் செய்தியாளர்களும் பார்க்க முடியாதபடி மூடிய அறையில் நடத்த அரசு உத்தரவிட்டது. குடும்பத்தினருக்குக் கூட அனுமதி இல்லை.

செய்தித்தாள்கள் வழக்குப் போட்டன. அது மேல்முறையீட்டில் கீத் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் முன் வந்தது. 2002 ஆகஸ்டில் தீர்ப்பை எழுதியவர் கீத். மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஜனநாயகம் செத்துப் போகும் என்று அதில் எழுதினார். ஒரு குறிப்பிட்ட விசாரணையில் ரகசியம் தேவை என்றால், அதற்குக் காரணம் காட்டி மூடலாம். ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் மூடக் கூடாது என்பதே தீர்ப்பு.

வழக்குப் போட்ட செய்தித்தாள்களில் ஒன்று எது தெரியுமா? 'டெட்ராய்ட் நியூஸ்!' எந்த அலுவலகத்தில் தரை துடைத்தாரோ, அந்தச் செய்தித்தாளின் உரிமையை அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய பேனா காப்பாற்றியது.

* 94 வயதில் ஒரு மாறுபட்ட தீர்ப்பு

எல்லா வழக்கிலும் கீத் பக்கமே வெற்றி கிடைத்தது என்று எண்ண வேண்டாம். 2016ல், ஒஹையோ மாநிலத்தின் வாக்குப்பதிவு விதிகள் பற்றி ஒரு வழக்கு வந்தது. விண்ணப்பத்தில் முகவரியோ பிறந்த தேதியோ கொஞ்சம் தவறாக இருந்தாலும், வாக்கையே ஒதுக்கி விடும் விதிகள் அவை. ஏழைகளும் கறுப்பின மக்களும் இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பது வழக்கு. மற்ற இரு நீதிபதிகளும், அந்த விதிகளில் பெரும்பாலானவை செல்லும் என்றார்கள்.

கீத் ஒத்துக் கொள்ளவில்லை. 94 வயதில் மாறுபட்ட தீர்ப்பு ஒன்றை எழுதினார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் உயிர் நீத்தவர்களின் படங்களையும் அதில் சேர்த்தார். தீர்ப்பில் படங்களா என்று எல்லாரும் வியந்தார்கள். ஓர் ஓட்டின் விலை என்ன என்பதைக் காட்டவே அவர் அப்படிச் செய்தார்.

வழக்கில் அவர் பக்கம் தோற்றது. ஆனால், மாறுபட்ட தீர்ப்பும் சட்டப் புத்தகத்தில் இருக்கும். பின்னால் வரும் மாணவர்களும் நீதிபதிகளும் அதைப் படிப்பார்கள்.

* 'என் காரை நிறுத்தி வை!'

பெரிய நீதிபதி ஆன பிறகாவது அவமானங்கள் நின்றனவா? இல்லை. 1991ல் வர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்க் நகரில் நீதித்துறை மாநாடு ஒன்று நடந்தது. கீத் ஓட்டல் வாசலில் நின்று கொண்டிருந்தார். காரில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், அவரை ஓட்டல் வேலையாள் என்று நினைத்து, 'என் காரை நிறுத்தி வை' என்றார். அரசியல் சட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கான நீதிபதிகள் குழுவுக்குத் தலைவராகவே இருந்தவர் கீத்! தன் நிறத்தை யாராவது நினைவுபடுத்தாமல் ஒரு நாளும் கழிவதில்லை என்று அவர் சொல்வது உண்டு.

ஆனால், அவர் மனம் கசந்து போகவில்லை. இளம் வக்கீல்களைத் தன்னிடம் உதவியாளர்களாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஒருவரான ஜெனிஃபர் கிரான்ஹோம், மிச்சிகன் மாநிலத்தின் முதல் பெண் கவர்னர் ஆனார். இன்னொருவரான எரிக் கிளே, கீத் இருந்த அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தார்.

பஸ்ஸில் வெள்ளையருக்கு எழுந்து இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வயதான காலத்தில் அவர் டெட்ராய்ட்டில் வசித்தார். 1994ல் அவர் வீட்டுக்குள் ஒரு திருடன் புகுந்து அவரை அடித்து விட்டான். அவருக்குப் பாதுகாப்பான வேறு வீடு கிடைக்க ஓடி ஓடி உதவியவர்களில் கீத்தும் ஒருவர்.

2019 ஏப்ரல் 28ம் தேதி, டேமன் கீத் டெட்ராய்ட்டில் காலமானார். ஐம்பத்தோரு ஆண்டுகளுக்கு மேல் நீதிபதியாக இருந்தவர், இறக்கும் வரை ஓய்வு பெறவே இல்லை.

குழந்தைகளே... நீதி என்பது கோர்ட்டில் மட்டும் இருப்பதல்ல. வகுப்பில் ஒரு மாணவன் மீது புகார் வருகிறது. நீங்கள்தான் லீடர். அவன் உங்களுக்குப் பிடிக்காதவன். எல்லாரும், 'அவன்தான் செய்திருப்பான்' என்கிறார்கள். பெயரைக் கரும்பலகையில் எழுதும் முன், 'உன் பக்கத்தைச் சொல்லு' என்று அவனிடம் கேட்பீர்களா? கேட்டால், அந்த நான்கு சொற்களில் உங்கள் பங்கைச் செய்து விட்டீர்கள் என்று அர்த்தம்!

தெரிந்து கொள்ளுங்கள்!

* மேல்முறையீடு: கீழ் நீதிமன்றத் தீர்ப்பு தவறு என்று கருதுபவர், மேல் நீதிமன்றத்தில் முறையிடுவது.

* மாறுபட்ட தீர்ப்பு: பெரும்பான்மை நீதிபதிகளோடு ஒத்துப் போகாதவர், தன் காரணங்களை எழுதி வைப்பது.

* வாரன்ட்: ஒருவர் வீட்டைச் சோதனையிடவோ, பேச்சை ஒட்டுக் கேட்கவோ, கைது செய்யவோ நீதிபதி எழுதித் தரும் அனுமதி.

* டெட்ராய்ட்டில் உள்ள வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2011ல் கீத்தின் பெயரில் குடிமை உரிமைகளுக்கான மையம் திறக்கப்பட்டது. கீத் முதுநிலைச் சட்டப் படிப்பு படித்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.